ஒரு பாட்டைச் செழுமைப்படுத்திய கதை

குளிர்பான ஆலையில் புட்டி நிரப்பும் பிரிவுப் பெண்களுக்கு அவளுடைய சொந்தப் பெயர் மறந்து போய் வெகுகாலம் ஆகிறது. வாய் ஓயாமல் எதையாவது பாடிக்கொண்டே இருப்பாள் என்பதால் ரேடியோ என்று கூப்பிட்டார்கள். சூப்பர்வைசர் திட்டினால் அந்தத் திட்டையே ராகம் போட்டுத் திருப்பிப் பாடுவாள். பக்கத்தில் நிற்பவள் பேசுவதே காதில் விழாத அந்த இரைச்சலில் அவள் குரல் மட்டும் புட்டிகள் ஓடுகிற கடைசி பெல்ட் வரைக்கும் போய்ச் சேரும்.

அந்தக் கூடத்தில் புட்டிகள் வெடிப்பது வழக்கம். வெந்நீரில் கழுவிச் சூடாக வருகிற புட்டிக்குள் குளிர்ந்த சோடா இறங்கும்போது, கண்ணாடியில் மயிரிழை அளவு கீறல் இருந்தாலும் பட்டென்று போய்விடும். சில்லு எந்தப் பக்கம் பறக்கும் என்பது சில்லுக்கே தெரியாது. கண்ணுக்குப் போட்டுக்கொள்ளப் பாதுகாப்புக் கண்ணாடி வேண்டும் என்று பெண்கள் மேனேஜரிடம் கேட்டார்கள். "ஜாக்கிரதையா நின்னா ஒண்ணும் ஆகாது" என்றார் அவர். தொழிற்சங்கத்தில் கேட்டார்கள். "கோரிக்கை பரிசீலனையில் இருக்கிறது" என்றார்கள். நெட்டை என்று எல்லோரும் கூப்பிடுகிற மூத்த தொழிலாளி ஜாக்கிரதையாகத்தான் நின்றாள். கோரிக்கையும் பரிசீலனையில்தான் இருந்தது. அவளுடைய இடது கண் போய்விட்டது.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியவளை மனிதாபிமான அடிப்படையில் மூடி போடும் பகுதிக்கு மாற்றினார்கள். அவள் வந்த அன்று யாருக்கும் அவள் முகத்தைப் பார்த்துப் பேச வரவில்லை. நலமா என்று கேட்கவும் முடியாது, கேட்காமல் இருக்கவும் முடியாது. ரேடியோவுக்கும் பேச்சு வரவில்லை. பேச்சு வராதபோது அவளுக்குப் பாட்டு வரும். பெல்ட் ஓட ஆரம்பித்ததும் பாடினாள்:

பாட்டில் வெடிக்குது பட்டுப் பட்டுன்னு
பாத்து நில்லுன்னு சொல்றாரு – அட
பாக்கக் கண்ணு வேணுமேன்னா
படிச்ச மேனேஜர் முழிக்கிறாரு

நெட்ட அக்காவுக்கு ரெண்டு கண்ணு
நேத்து வரைக்கும் இருந்துச்சு – அதுல
ஒத்தக் கண்ணு கம்பெனிக்கு
ஓவர்டைம்ல போயிருச்சு

புட்டிக்கு மூடி போடுறீங்க ஐயா – எங்க
கண்ணுக்கு மூடி எப்போ ஐயா

கூடமே நெட்டையைப் பார்த்தது. நெட்டை கையில் இருந்த மூடியைக் கீழே வைத்தாள்.

"ஓவர்டைம்ல போச்சுன்னா சொல்ற? சரிதான்டி. ஆனா அதுக்கு டபுள் கூலி வரல" என்றாள். சொல்லிவிட்டு அவளே முதலில் சிரித்தாள். அப்புறம்தான் மற்றவர்களுக்கு மூச்சு வந்தது. கடைசி வரி வரும்போது அத்தனை பெண்களும் சேர்ந்து "எப்போ ஐயா, எப்போ ஐயா" என்று இழுத்தார்கள். அன்றிலிருந்து தினமும் பாடினார்கள்.

சங்கத்தில் கலை இலக்கியப் பிரிவு என்று ஒன்று இருந்தது. மற்றப் பிரிவுகளில் எப்போதாவது தவறிப்போய் ஏதாவது காரியம் நடந்துவிடும் என்ற அபாயம் உண்டு. இந்தப் பிரிவில் அந்தக் கவலை கிடையாது. அதன் செயலாளரைக் கவிஞர் தோழர் என்பார்கள். ஒரு காலத்தில் அதே ஆலையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவர். தொழிலாளியின் வியர்வையைப் பற்றி அலமாரி நிறையத் தொகுதிகள் போட்டிருக்கிறார். ஆலைக்குள் புழுக்கம் அதிகம் என்பதால் அவற்றையெல்லாம் சங்க அலுவலகத்து மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து எழுதினார்.

அந்த ஆண்டுக் கலை இரவுக்கு அழைப்பிதழ் அச்சாகி வந்திருந்தது. சாயங்காலம் ஐந்து மணிக்கே நடக்கும் நிகழ்ச்சிக்குக் கலை இரவு என்று ஏன் பெயர் என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. அழைப்பிதழில் தலைவர்கள் பெயரெல்லாம் போக, கீழே ஓர் ஓரத்தில் 'பாட்டாளிக் கவிஞர் ஒருவர்' என்று போட்டிருந்தார்கள். அச்சான பிறகுதான் அப்படி ஒருவர் தங்களிடம் இல்லை என்பது நினைவுக்கு வந்தது. பந்தி போட்ட பிறகு உலை வைப்பது அந்தப் பிரிவுக்குப் புதிதல்ல. கவிஞர் தோழர் ஆலை வாசலுக்கு வந்து, வேலை முடிந்து வெளியே வந்த ரேடியோவை மடக்கினார்.

"தோழர், நீங்க மகத்தான கவிதை ஒண்ணு எழுதியிருக்கறதாக் கேள்விப்பட்டோம்."

"எழுதலைங்க. பாடினேன்."

"அதனால என்ன? எழுதறதெல்லாம் எங்க பொறுப்பு. நீங்க உணர்ச்சியை மட்டும் கொண்டு வாங்க, போதும்."

ஞாயிற்றுக்கிழமை அவள் நல்ல சேலை கட்டிக்கொண்டு சங்க அலுவலகத்துக்குப் போனாள். கூட்டம் தொடங்கும் வரை அங்கே இருந்த கண்ணாடி அலமாரியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். உள்ளே புத்தகங்கள் மடிப்புக் கலையாமல் அடுக்கியிருந்தன. தொழிலாளர் நூலகம் என்று மேலே எழுதியிருந்தது. பெரிய பூட்டு ஒன்று தொங்கியது.

"இதுல ஒண்ணு எடுத்துட்டுப் போய்ப் படிக்கலாங்களா?" என்று கேட்டாள்.

"தாராளமா" என்றார் கவிஞர் தோழர். "உங்களுக்காகத்தான் வெச்சிருக்கு. சாவி தலைவர்கிட்ட இருக்கு. அவர் ஒரு மாநாட்டுக்கு வெளிநாடு போயிருக்கார்."

"என்ன மாநாடுங்க?"

"தொழிலாளர்கிட்ட வாசிப்புப் பழக்கம் ஏன் அழிஞ்சு போச்சுன்னு."

கவிதையைச் சீர்தூக்க ஒரு துணைக்குழு இருந்தது. அதன் பெயர் கவிதைச் செழுமைக் குழு. கவிஞர் தோழரோடு இன்னும் இரண்டு பேர். ஒருவர் கல்லூரியில் இலக்கியம் நடத்துகிற பேராசிரியர். மற்றவரைத் திருத்தத் தோழர் என்பார்கள். ஒரு முறை இரங்கல் தீர்மானத்துக்கே திருத்தம் கொண்டுவந்து, இறந்தவரின் மறைவை இன்னும் ஆழமாக்கியவர். ரேடியோ எழுந்து நின்று பாடினாள். மூவரும் கண்ணை மூடிக் கேட்டார்கள். மேஜைமேல் தேநீர் ஆறியது.

"அருமை" என்றார் பேராசிரியர். "அசல் மண்ணின் குரல். இதில் ஒரு எழுத்தைக்கூடத் தொடக்கூடாது."

"ஒரு எழுத்தைத் தொடக்கூடாதுதான்" என்றார் திருத்தத் தோழர். "அதனால் வார்த்தையாகவே எடுத்துக்கொள்வோம். முதல் வரியில் 'பட்டுப் பட்டு' என்று இரண்டு முறை வருகிறது. பட்டு யார் கட்டுகிற துணி? முதலாளி வர்க்கத்தின் துணி."

"அது துணி இல்லீங்க, சத்தம்" என்றாள் ரேடியோ.

"சத்தத்துக்கும் வர்க்கம் உண்டு, தோழர்."

நெடுநேர விவாதத்துக்குப் பிறகு பட்டுக்குப் பதிலாகப் பருத்தி என்று போட ஏகமனதாக முடிவானது. பருத்தியும் வெடிக்கக் கூடியதுதான் என்பதால் பொருள் கெடவில்லை என்று பேராசிரியர் மெச்சினார்.

அடுத்தது மேனேஜர். கலை இரவுக்கு மண்டபமும் நாற்காலியும் கம்பெனிதான் கொடுக்கிறது, மேனேஜர்தான் சிறப்பு விருந்தினர். கவிஞர் தோழர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"எதிரியைச் சின்னதாக் காட்டக்கூடாது, தோழர். மேனேஜர்னு போட்டா போராட்டம் சுருங்கிடும். 'உலக ஏகாதிபத்தியம்'னு மாத்திடுவோம்."

"அவரு எங்க ஷிஃப்ட்ல இல்லீங்களே" என்றாள் ரேடியோ. அதை யாரும் குறிப்பில் ஏற்றவில்லை. பிறகு பார்த்தால், ஏகாதிபத்தியம் என்ற சொல் ராகத்துக்குள் உட்கார மறுத்தது. ஆகவே அந்த வரியையே எடுத்துவிட்டார்கள். 'ஐயா' என்பது அடிமைத்தனமான விளி என்று அதையும் 'தோழா' என்று மாற்றினார்கள். அப்படி மாற்றியதும் கண்ணுக்கு மூடி எப்போது என்று சங்கத் தோழர்களைப் பார்த்துக் கேட்பது போல் ஆகிவிட்டது. மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தக் கேள்வியும் போயிற்று.

மிஞ்சியது நெட்டையின் கண்.

"இது தனிமனிதத் துயரம்" என்றார் பேராசிரியர். "ஒரு கண் என்பது இலக்கியத்தில் ரொம்பக் குறைவு. கோடிக் கண்கள் என்று விரித்தால் காவியத் தன்மை வரும்."

"கோடிக் கண்ணு போகலைங்களே. ஒண்ணுதான் போச்சு."

"வரலாற்றுப் பார்வையில் பாருங்க, தோழர்."

"அதிலும் 'போயிருச்சு' என்று முடிப்பது அவநம்பிக்கை" என்றார் திருத்தத் தோழர். "தொழிலாளி வர்க்கத்துக்கு எதுவும் போகாது. கண்கள் திறந்தன என்று முடிப்போம்."

அடுத்த வாரம் பாட்டு தட்டச்சாகி, தீர்மானமாக நிறைவேறி, அவள் கைக்கு வந்தது.

விண்ணதிர வெடித்ததொரு விடியலின் பருத்தி!
மண்ணதிர எழுந்ததொரு மானுடத்தின் சுருதி!
கோடிக் கண்கள் திறந்தன பார் கொள்கைவழி நின்று!
கூடி வாழ்த்து பொதுச்செயலர் கொண்ட தலைமை என்று!

கீழே அவளுடைய சொந்தப் பெயர், தடித்த எழுத்தில். பெயருக்கு முன்னால் 'பாட்டாளிப் பாவலர்' என்று ஒரு பட்டம். பக்கத்தில் அவளுடைய படம். ரேடியோவுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். உள்ளதைச் சொன்னால், வரவில்லை. அவள் பெயர் இதுவரை சம்பளச் சீட்டிலும் ரேஷன் அட்டையிலும் தவிர எங்கும் அச்சானதில்லை. இரண்டிலும் தப்பாகத்தான் அச்சாகியிருந்தது. இதில் எழுத்துப் பிழை இல்லாமல் இருந்தது.

அவள் புருஷன் வீட்டிலேயே தையல் மிஷின் வைத்திருந்தான். அவனிடம் வாசித்துக் காட்டினாள். மிஷினை நிறுத்திவிட்டுக் கேட்டான்.

"இதுல உன்னோடது எது?"

அவள் காகிதத்தை மேலும் கீழும் பார்த்தாள். "வெடிச்சதுன்னு வருதுல்ல, அது."

"அளவுச் சட்டையக் குடுத்துத் தைக்கச் சொன்னா, அந்தச் சட்டையையே கிழிச்சுக் கொடி தைச்ச மாதிரி இருக்கு."

"நீங்க தைச்ச துணில ஒரு நாளாவது உங்க பேரு வந்திருக்கா?" என்றாள் அவள்.

அவன் மிஷினை மிதிக்க ஆரம்பித்தான். சொன்ன பிறகுதான் அவளுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் காகிதத்தை மடங்காமல் பையில் வைத்துக்கொண்டாள்.

மறுநாள் சாப்பாட்டு வேளையில் பெண்கள் அதைக் கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்தார்கள். படம் நன்றாக இருக்கிறது என்றார்கள். பாட்டைப் பற்றி ஒருத்தியும் ஒன்றும் சொல்லவில்லை. கடைசியில் நெட்டை வாங்கி, வலது கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்து, எழுத்துக்கூட்டி முழுவதும் படித்தாள்.

"நான் எங்கடி இதுல?"

"கோடிக் கண்ணுன்னு வருதுல்லக்கா, அதுல நீயும் ஒண்ணு."

"அது திறந்துடுச்சுன்னுல்ல போட்டிருக்கு."

நெட்டை காகிதத்தை எண்ணெய் படாமல் மடித்துத் திருப்பிக் கொடுத்தாள்.

"கம்பெனில ஒரு தடவ போச்சு. கமிட்டில இன்னொரு தடவ போயிருக்கு. பரவால்ல விடு, சாப்பிடு" என்றாள்.

கோபமாகச் சொல்லியிருந்தால் ரேடியோ சண்டை போட்டுச் சாப்பிட்டிருப்பாள். நெட்டை அப்படிச் சொன்ன பிறகு சோறு இறங்கவில்லை. சாயங்காலம் நேராகச் சங்க அலுவலகத்துக்குப் போய், பழைய பாட்டையே பாடிவிடுகிறேனே என்று கேட்டாள். கவிஞர் தோழர் அவளை அன்போடு உட்காரவைத்தார்.

"தீர்மானமா நிறைவேறின கவிதையை மாத்தணும்னா பொதுக்குழு கூடணும், தோழர். பொதுக்குழுவைக் கூட்டச் செயற்குழு கூடணும். செயற்குழு இப்போ கலை இரவு வேலையில இருக்கு."

கலை இரவன்று மண்டபம் நிறைந்திருந்தது. முதல் சில வரிசைகளில் பொறுப்பாளர்களும் அவர்கள் குடும்பத்தாரும், நடுவில் ஷிஃப்ட் முடிந்து அப்படியே வந்த தொழிலாளர்கள். பொதுச் செயலாளர் தலைமையுரை ஆற்றினார்.

"தோழர்களே, நம் சங்கம் கலையை எவ்வளவு நேசிக்கிறது என்பதற்குச் சான்று வேண்டுமா? சென்ற ஆண்டு நாம் ஒரு வேலைநிறுத்தமும் செய்யவில்லை. ஆனால் மாதம் தவறாமல் கவியரங்கம் நடத்தினோம். மற்றச் சங்கங்களைப் பாருங்கள். அவசரப்பட்டுக் கோரிக்கைகளை வென்றெடுத்து, இன்று கையில் ஒன்றும் இல்லாமல் நிற்கிறார்கள். நம்முடைய கோரிக்கைகள் எல்லாம் ஒன்றுகூடக் குறையாமல் நம்மிடம் பத்திரமாக இருக்கின்றன. வருங்காலத் தலைமுறைக்கு நாம் விட்டுச் செல்லும் சொத்து அது."

முன்வரிசை கைதட்டியது. அடுத்து மேனேஜர் எழுந்தார்.

"பாட்டுங்கறது ரொம்ப நல்ல விஷயம். பாடினா களைப்பு தெரியாது. களைப்பு தெரியலைன்னா பெல்ட் வேகத்தக் கொஞ்சம் கூட்டலாம். அதனால நிர்வாகம் கலையை என்னைக்கும் ஆதரிக்கும்" என்றார். அதற்கும் முன்வரிசை கைதட்டியது. பழக்கதோஷம்.

பிறகு பாட்டாளிப் பாவலரை அழைத்தார்கள். ரேடியோ மைக் முன்னால் போய் நின்று காகிதத்தைப் பிரித்தாள். நடுவரிசையில் மற்றத் தலைகளுக்கு மேலே நெட்டையின் தலை தெரிந்தது. 'விண்ணதிர' என்று ஆரம்பித்தாள். அடுத்த வார்த்தை கண்ணுக்குத் தெரிந்தது, வாய்க்குத் தெரியவில்லை. மறுபடியும் 'விண்ணதிர' என்றாள். வரவில்லை. வீரத்தால் அல்ல, வேறு எதுவும் வாயில் வராததால், தினமும் பாடுவதைப் பாடினாள்.

"பாட்டில் வெடிக்குது பட்டுப் பட்டுன்னு..."

தாளம் பிடித்துப் போகவே மேனேஜர் முதல் மூன்று வரிக்குத் தொடையில் தட்டினார். நான்காவது வரியில் தன்னைச் சந்தித்தார். கை அந்தரத்தில் நின்றது. மேடையில் திருத்தத் தோழர் எழுந்து, "இது குழுவில் நிறைவேறாத பாட்டு" என்று யாரிடம் சொல்வது என்று தெரியாமல் சொன்னார். கவிஞர் தோழர் ஓடிப்போய் மைக் ஒயரைப் பிடுங்கினார். ஆனால் கடைசி வரி வருவதற்குள் நடுவரிசைப் பெண்கள் எழுந்துவிட்டார்கள். எப்போ ஐயா, எப்போ ஐயா என்று மண்டபமே கேட்டது. வேறு பிரிவுகளின் ஆண்களும் கேட்டார்கள். மேடையில் இருந்தவர்களில் எந்த ஐயாவைக் கேட்கிறார்கள் என்று யாருக்கும் நிச்சயமாகத் தெரியவில்லை. எல்லோருமே தலையைக் குனிந்துகொண்டார்கள்.

அடுத்த வேலைநாள் காலையில் சங்கு ஊதியது. பெண்கள் பெல்ட்டிலிருந்து பத்தடி தள்ளிக் கைகட்டி நின்றார்கள். மேனேஜர் ஓடி வந்தார். சங்கத்துக்குப் போன் போட்டார். பொதுச் செயலாளர், "எங்களுக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது, நாங்கள் அப்படிப்பட்டவர்கள் அல்ல" என்று உறுதி கூறினார்.

"ஸ்ட்ரைக் பண்றீங்களா?" என்று மேனேஜர் கேட்டார்.

"இல்லீங்க" என்றாள் நெட்டை. "ஜாக்கிரதையா நிக்கிறோம். நீங்கதான சொன்னீங்க."

அந்த வாரம் முடிவதற்குள் பெட்டி பெட்டியாகப் பாதுகாப்புக் கண்ணாடி வந்து இறங்கியது. போட்டால் மூக்கில் தழும்பு விழுந்தது. பெண்கள் அதைத் திட்டிக்கொண்டே போட்டுக்கொண்டார்கள். சங்கப் பத்திரிகையின் முதல் பக்கத்தில், 'கலை இலக்கியப் பிரிவின் பல்லாண்டுத் திட்டமிட்ட பணியின் விளைவாகக் கோரிக்கை வெற்றி' என்று செய்தி வந்தது. கவிஞர் தோழரின் படம் போட்டிருந்தார்கள்.

சில நாள் கழித்து அவரே ரேடியோ வீட்டுக்கு வந்தார். வந்த காரியம் இரண்டு. ஒன்று, குழு ஏற்காத பாட்டை மேடையில் பாடிய குற்றத்துக்காக அவளை ஓராண்டுக்குக் கவிஞர் பொறுப்பிலிருந்து நீக்கியிருக்கிறார்கள். இரண்டு, அதே பாட்டைப் பற்றி ஓர் ஆய்வரங்கம் நடக்கப் போகிறது, அவசியம் வர வேண்டும்.

"நீக்கிட்டு எதுக்குங்க கூப்பிடுறீங்க?"

"நீக்கினது கவிஞரை. கூப்பிடறது பார்வையாளரை" என்றார்.

அவர் போன பிறகு புருஷன் மிஷினிலிருந்து தலையைத் தூக்கினான். "போயிட்டு வா. நீ எழுதினது என்னன்னு தெரிஞ்சுக்கலாம்" என்றான். இந்தத் தடவை இருவரும் சேர்ந்து சிரித்தார்கள்.

அன்றைக்குக் கூலி கிடையாது என்று தெரிந்தும் லீவு போட்டு, ரேடியோ நெட்டையையும் கூட்டிக்கொண்டு போனாள். பின்வரிசையில் உட்கார்ந்தார்கள். பேராசிரியர் கட்டுரை வாசித்தார்.

"இப்பாடலை இயற்றியவர் யார் என்று தெரியவில்லை. தெரியவும் கூடாது. இது மக்களின் கூட்டுப் படைப்பு. ஓர் ஆசிரியர் இருந்திருந்தாலும் அவர் இறந்து வெகுகாலம் ஆகியிருக்கும். பாடலில் வருகிற நெட்டை அக்கா என்ற பாத்திரத்தைக் கவனியுங்கள். அப்படி ஒரு பெண் இருந்ததே இல்லை. அவள் ஒரு படிமம். போன கண் என்பது வர்க்கத்தின் உறங்குகிற உணர்வு."

முன்வரிசை அவசரமாகக் குறிப்பு எடுத்தது. பின்வரிசையில் நெட்டை எழுந்தாள். அவள் எழுந்தால் தெரியாமல் போகாது.

"ஐயா, அந்த நெட்ட அக்கா நான்தாங்க" என்றாள்.

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றினார். முகம் மலர்ந்தது.

"பார்த்தீர்களா, தோழர்களே? இந்த அம்மா தன்னையே நெட்டை அக்காவாக உணர்கிறார். ஒவ்வொரு உழைக்கும் பெண்ணும் இப்படித்தான் உணர்வாள். ஒரு படிமத்துக்கு இதைவிட வேறு என்ன வெற்றி வேண்டும்?"

அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. நெட்டை சுற்றிலும் பார்த்துவிட்டு, வேறு வழியில்லாமல் தானும் இரண்டு தட்டு தட்டி உட்கார்ந்தாள்.

வெளியே வந்து பஸ்ஸுக்காகச் சாலையைக் கடக்கும்போது, ரேடியோ அவளுடைய இடப்பக்கமாக வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பக்கம் வருகிற வண்டி நெட்டைக்குத் தெரியாது.

"படிமம்னா என்னடி?"

"இல்லாதவங்கன்னு அர்த்தம் போல இருக்குக்கா."

நெட்டை முழுத் தலையையும் அவள் பக்கம் திருப்பினாள்.

"அப்போ இன்னைக்கு ஒரு நாள் கூலி யாருக்குப் போச்சு?"